மூன்றில் திறந்த கதவு

மார்லிஸ் ஹௌட்டலாவிடம் மணி என்ன என்று கேட்டால் நேராகப் பதில் வராது. "ஆட்டத்து மணியா, செவுத்து மணியா?" என்று திருப்பிக் கேட்பாள். எங்கள் லார்கின் ஊர் ஐஸ் அரங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. சுவர்க் கடிகாரம் அது பாட்டுக்கு ஓடும். ஹாக்கி ஆட்டத்துக் கடிகாரம் நடுவர் விசில் ஊதினால் நிற்கும், ஆட்டம் தொடர்ந்தால் தொடரும். அந்த இரண்டாவது கடிகாரத்தின் பொத்தான் மார்லிஸின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. நான் இந்த அரங்கத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ஹாட் டாக்கும் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த விரல் வேறு யாருடையதாகவும் இருந்ததில்லை.

ஐஸ் தரையின் ஓரத்தில் கண்ணாடி அடித்த சின்ன அறை ஒன்று உண்டு. கடிகாரக் கூண்டு என்போம். அதன் சாவி மார்லிஸின் கழுத்தில் தொங்கும். ஆட்டத்தின் இடைவேளையில் கூண்டைப் பூட்டிவிட்டு, பனியைச் சீவித் தண்ணீர் விடும் பெரிய வண்டியையும் அவளே ஓட்டுவாள். ஆரஞ்சு நிறத் தொப்பி, ஆண்பிள்ளைத் தோள், அரங்கத்தின் மறுகோடிக்கு மைக் இல்லாமல் கேட்கும் குரல். அடக்கம் என்ற சரக்கு அவளிடம் கிடையாது. "இந்த மாவட்டத்துல என்னை மாதிரி கடிகாரம் பாக்க ஆள் இல்ல" என்று அவளே சொல்லுவாள். உண்மையும் அதுதான் என்பதால் எங்களுக்கு எரிச்சலாக இருக்கும், மறுத்துப் பேச முடியாது. பக்கத்து ஊரான நோர்டனுக்கும் எங்களுக்கும் எதிலுமே ஒத்துப் போகாது. நடுவரைத் திட்டுவார்கள், எங்கள் கழிவறையைத் திட்டுவார்கள், என் காபியைக்கூடத் திட்டுவார்கள். மார்லிஸின் கடிகாரத்தை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு குளிர்காலம் அரங்கத்தின் குளிர்விக்கும் இயந்திரம் படுத்துக்கொண்டது. புது இயந்திரம் வர வசந்தமே வந்துவிடும் என்றார்கள். ஐஸ் இல்லாத லார்கினில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். மார்லிஸ் மட்டும் சும்மா இருக்கவில்லை. கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டுவார்களே, மைன்கிராஃப்ட், அந்த விளையாட்டை ஊரே சேர்ந்து ஆட ஒரு சர்வரை அரங்கத்து அலுவலகத்தில் இருந்த பழைய கணினியில் ஏற்றினாள். அதற்குள் எங்கள் அரங்கத்தை அப்படியே கட்டினாள். படிக்கட்டு, பெஞ்சு, கூண்டு, என் காபிக்கடை எல்லாம் இருந்தன. கடைக்குள் என்னைப் போல ஒரு பொம்மையை நிற்க வைத்து அதன் தலைக்கு மேல் 'காபி ஆறிவிட்டது' என்று எழுதியும் வைத்தாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அந்த விளையாட்டில் படகைப் பனிமேல் விட்டால் பறக்கும். அது எதற்கு அப்படி என்று கேட்காதீர்கள், அந்த உலகத்தின் நியாயம் அது. அதனால் படகுப் பந்தயம் பிறந்தது. ஊரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் உட்கார்ந்தார்கள். புது இயந்திரம் வந்து நிஜ ஐஸ் உறைந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எங்கள் அணிக்குத் தலைவன் மார்லிஸின் கணவன் வைனோ. அவன் ஹாக்கிப் பயிற்சியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, போட்டி போடும் ஆசை மட்டும் போகவில்லை.

பந்தயம் என்றால் தொடக்கம் வேண்டும். படகுகள் எல்லாம் ஒரு கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். பத்து, ஒன்பது, எட்டு என்று திரையில் எண்கள் இறங்கும். சைபரில் கதவு திறக்கும். முன்கூட்டியே பாய்ந்தால் படகு கதவில் மோதிப் பின்னால் எறியப்படும், திரும்பி நேராவதற்குள் மற்றவன் வளைவைத் தாண்டிவிடுவான். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இதைச் சர்வர் தானாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சிறு நிரலை எழுதிச் செருக வேண்டும். பிளக்இன் என்பார்கள். மார்லிஸ் அதை எழுத உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னல் போடும் மதிய நேரத்தில் இவள் என் கடை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் காபியைக் குறை சொல்லியபடியே எழுதினாள்.

முதல் முயற்சியில் சர்வரிடம் 'பத்து விநாடி காத்திரு' என்று எழுதினாள். சர்வர் கீழ்ப்படிந்தது. உலகத்தையே நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. படகுகள் அசையவில்லை, பறந்த கோழி அந்தரத்தில் நின்றது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே தள்ளப்பட்டார்கள். ஒரே ஆள்தான் அந்த உலகத்தின் எல்லா வேலையையும் பார்க்கிறான், அவனை உட்காரச் சொன்னால் எல்லாம்தான் உட்காரும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சர்வருக்கென்று ஒரு துடிப்பு இருக்கிறதாம். விநாடிக்கு இருபது முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் உலகம் ஒரு அடி நகரும். ஆகவே வேலையை ஒப்படைக்கிறபோது, 'இத்தனை துடிப்பு கழித்துத் தொடங்கு, பிறகு இத்தனை துடிப்புக்கு ஒரு தடவை செய்' என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவள் விநாடி என்று நினைத்து ஒன்று என்று எழுதிவிட்டாள். பத்து என்று வாயைத் திறப்பதற்குள் எண்கள் அத்தனையும் ஓடி முடிந்து கதவு திறந்துவிட்டது. வைனோ அப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதையும் திருத்தினாள். அடுத்து, சைபர் வந்ததும் நிறுத்து என்று சொல்ல மறந்தாள். பந்தயம் பாட்டுக்கு நடக்க, எண் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. நான் சுவரில் இருந்த திரையைப் பார்த்தபோது மைனஸ் முப்பத்தெட்டு என்று காட்டியது. வெளியே குளிர் அவ்வளவு ஏறிவிட்டதாக்கும் என்று, வெளியே நின்ற மார்லிஸின் பிக்கப் வண்டியின் இஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க ஓடிப்போய் மின்சார வயரைச் செருகிவிட்டு வந்தேன். இன்றுவரை என்னை இதற்காகக் கிண்டல் செய்கிறாள்.

ஒருவழியாக எல்லாம் சரியாயிற்று. கடைசிப் படகு வரிசையில் நின்ற பிறகு சற்றுப் பொறுத்து எண்ணிக்கை தொடங்கியது, அழகாக இறங்கியது, சைபரில் கதவு திறந்தது. பல நாள் மார்லிஸின் கண்ணில் ஒரு குறையும் படவில்லை. அதற்குப் பிறகுதான் நோர்டனைப் போட்டிக்கு அழைத்தோம்.

அவர்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அரங்கத்து மாடி ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எதிர் மேசைகளில் எங்கள் ஆட்கள். பார்வையாளர்கள் ஹாலில் நிறைந்தது போதாதென்று, வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து பொம்மை உருவத்தில் பெஞ்சுகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் வேறு. லார்கின் ஜெயித்தது. அதுவும் சும்மா இல்லை, எல்லாச் சுற்றிலும் முதல் வளைவிலேயே எங்கள் படகுகள் முன்னால் போய்விட்டன. வைனோவைத் தோளில் தூக்காத குறை.

நோர்டன் அரங்கத்தை நடத்துகிறவன் மிலோ ஸ்காலா. அமைதியான ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. நேராக மார்லிஸிடம் வந்தான்.

"மார்லிஸ், உங்க கதவு சைபருக்கு முன்னாடியே திறக்குது."

"என்னது?"

"மூணு காட்டும்போதே திறந்திருச்சு. எங்க பசங்க சைபருக்குக் காத்திருந்தாங்க. உங்க ஆளுங்க காத்திருக்கல."

மார்லிஸின் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது.

"மிலோ, நீ நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே நான் கடிகாரம் பிடிச்சவ. தோத்தா தோத்தேன்னு சொல்லிட்டுப் போ. என் கடிகாரத்து மேல கை வைக்காத."

"நான் உங்களைத் திருடின்னு சொல்லல. கதவு முன்னாடியே திறக்குதுன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா!" கழுத்திலிருந்த சாவியைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. என் கடிகாரத்துல தப்பு இருந்தா இந்தச் சாவியை இவன்கிட்ட குடுத்துட்டு அந்தக் கூண்டுப் பக்கமே வர மாட்டேன். நிஜ ஐஸ்லயும் சரி, இந்தப் பொம்மை ஐஸ்லயும் சரி."

இவளிடமிருந்து அந்தக் கூண்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. வைனோவைப் பார்த்தேன். அவன் கணினி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாளே மார்லிஸ் சோதனையில் இறங்கினாள். என் கடை மேசையில் உட்கார்ந்து பத்து தடவை எண்ணிக்கையை ஓட்டிப் பார்த்தாள். பத்து தடவையும் சைபரில் திறந்தது. "பாத்தியா? அந்த மிலோவுக்குக் கண்ணு டாக்டரைப் பாக்கச் சொல்லணும்" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "அன்னிக்கு மாதிரி கூட்டம் இப்ப இல்லையேடி" என்றேன்.

"கூட்டத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? கூட்டம் வந்தா என் காபி மெஷின்கூடத்தான் மெதுவா ஓடுது."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தட்டச்சுப் பலகையில் எதையோ அடித்தாள். திரையில் ஒரு கோழி வந்து விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாத அளவுக்குக் கோழிகள். பெஞ்சு தெரியவில்லை, படிக்கட்டு தெரியவில்லை, என் பொம்மைக் கடை கோழிக்குள் மூழ்கிவிட்டது. சர்வரைத் திணறடிக்க இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை இது என்று பிறகு சொன்னாள். உயிருள்ள ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துடிப்பிலும் நகர்த்தியாக வேண்டுமே, சர்வருக்கு மூச்சு வாங்கும், துடிப்பு மெதுவாகும்.

எண்ணிக்கையை ஓட்டினாள். பத்து வந்தது. ஒன்பது வர நேரமெடுத்தது. எட்டு, இன்னும் மெதுவாக. ஏழு. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். நான்கு. மூன்று.

கதவு திறந்தது.

திரையில் மூன்று என்றே இருந்தது. பிறகு சாவகாசமாக இரண்டு வந்தது, ஒன்று வந்தது, சைபர் வந்தது. ஏற்கெனவே திறந்து கிடந்த கதவுக்கு வாழ்த்துச் சொல்வது போல ஒரு மணி அடித்தது.

மார்லிஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் தலைமுடி நரைத்திருப்பதை நான் கவனித்ததே அன்றுதான். பிறகு அவளாகவே சொன்னாள். ஆரம்பத்தில் எண்கள் அத்தனையும் ஒரே மூச்சில் ஓடி முடிந்தனவே, அப்போதே சர்வரின் துடிப்பின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. எண்களைக் காட்டும் வேலையை மட்டும் துடிப்பிடம் விட்டாள். கதவைத் திறக்கும் வேலையை, முக்கியமான வேலையாயிற்றே என்று, கணினியின் நிஜக் கடிகாரத்திடம் ஒப்படைத்தாள். பத்து விநாடி என்றால் பத்து விநாடி. உலகம் இளைத்து மூச்சு வாங்கினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. எண் மூன்றிலேயே தள்ளாடிக்கொண்டிருக்க, கதவு தன் பத்து விநாடியை முடித்துக்கொண்டு திறந்துவிட்டது.

"ஆட்டத்து மணியா, செவுத்து மணியான்னு ஊரையெல்லாம் கேப்பியே" என்றேன். "உன்னை நீயே கேக்கலையா?"

வேறொரு நாளாயிருந்தால் என்மேல் எதையாவது எறிந்திருப்பாள். அன்று, "கேக்கல" என்றாள். "ஆட்டத்துக்குள்ள செவுத்துக் கடிகாரத்தைக் கொண்டாந்து மாட்டினது நான்தான். வேற எவளாவது செஞ்சிருந்தா காறித் துப்பியிருப்பேன்."

உடனே என் கடைத் தொலைபேசியிலிருந்தே மிலோவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மிலோ, மார்லிஸ் பேசறேன். நீ சொன்னது சரி. கதவு முன்னாடிதான் திறந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது. சாயங்காலம் சாவியை எடுத்துட்டு வரேன்."

மிலோவின் குரல் எனக்கும் கேட்டது. "உங்க சாவியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் பசங்களுக்கு நேரான ஒரு தொடக்கம் வேணும். ஒரு தடவையாவது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. மறுபடியும் ஓட்டுவோம். அப்பவும் முன்னாடி திறந்தா நானே வந்து சாவியை வாங்கிக்கறேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை. கோழி போட்டாலும் அசையாத மாதிரி பண்ணி வைக்கறேன்."

"கோழியா?"

"நீ வா."

நிஜக் கடிகாரத்தை நிரலிலிருந்து பிடுங்கி எறிந்தாள். காத்திருப்பு, எண், கதவு மூன்றையும் ஒரே வேலையாகக் கட்டி ஒரே துடிப்பிடம் கொடுத்தாள். இனி உலகம் மெதுவானால் எண்ணும் மெதுவாகும், கதவும் மெதுவாகும். சைபர் வராமல் திறக்கவே திறக்காது. கோழிகளை மறுபடி கொட்டினாள். எண்ணிக்கை நத்தையாக ஊர்ந்தது, ஆனால் கதவு சைபரில்தான் திறந்தது. "இப்ப வரட்டும் பாக்கலாம்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டாள். பழைய மார்லிஸ் திரும்பி வந்துவிட்டாள், என் காபி மறுபடி மோசமாகிவிட்டது.

போட்டி வரைக்கும் சர்வரைப் பூட்டி வைத்தாள், யாருக்கும் பயிற்சி கிடையாது. இரண்டு அணிக்கும் ஒரே அறிவிப்பு ஒட்டினாள். 'கதவு சைபரில் திறக்கும். சைபரில் கிளம்பவும்.' முதல் போட்டிக்கு ஒட்டியதும் இதே வரிதான். என்ன கெட்டுப்போயிருந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று மிலோவுக்கும் சொல்லவில்லை, வைனோவுக்கும் சொல்லவில்லை. வைனோ பயிற்சியாளனாக இருந்த காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆட்டத்தை வளைத்துவிட்டார்கள் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்று, வீட்டில் கடிகாரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருந்தது.

ஞாயிறு மதியம் ஹாலில் நிற்க இடமில்லை. சாவி போகுமா இருக்குமா என்று பார்க்க, படகு என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட வந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைந்த கூட்டம் போன தடவையைவிட அதிகம். மார்லிஸ் பெரிய திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிலோ தன் ஆட்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் மேசையில் வைனோ விரலை நெட்டி முறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசிப் படகு வரிசைக்கு வந்தது. எண்ணிக்கை தொடங்கியது. பத்து என்று காட்டிவிட்டு அங்கேயே நின்றது.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்று நோர்டன் பக்கம் ஒருவன் கத்தினான்.

"எல்லாருக்கும் ஒண்ணாத்தான் மெதுவா போவுது," என்றாள் மார்லிஸ் மைக்கில். "உனக்கு அவசரம்னா வீட்டுக்குப் போ."

ஒன்பது. எட்டு. ஒவ்வொரு எண்ணும் ஆற அமர இறங்கியது. யாரோ இருமுவது கேட்டது. ஐந்து. நான் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கையில் சுற்றிக்கொண்டேன். நான்கு.

மூன்று என்று காட்டியது. எங்கள் லார்கின் படகுகள் அத்தனையும் பாய்ந்தன.

ஒன்றுகூடப் பாக்கியில்லை. ஒரே நேரத்தில், ஒரே தாவலில் மூடிய கதவில் மோதின. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னால் எறியப்பட்டன. நோர்டன் படகுகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு வந்தது. ஒன்று வந்தது. எங்கள் படகுகள் பின்பக்கம் திரும்பி நின்றுகொண்டு சுவரை முட்டிக்கொண்டிருந்தன. சைபர். கதவு திறந்தது. நோர்டன் அம்பாகப் போய்விட்டது.

நோர்டன் பக்கம் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் மேசைமேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். எங்கள் பக்கம் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஓர் ஆள் முன்னால் பாய்ந்தால் கை தவறியது எனலாம். அணி முழுக்க மூன்றில் பாய்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆடி ஆடி, கூட்டம் கூடினால் கதவு மூன்றில் திறக்கும் என்பது இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை.

மார்லிஸுக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. வைனோவைப் பார்த்தாள். வைனோ தட்டச்சுப் பலகையைப் பார்த்தான்.

மீதிச் சுற்றுகள் நடந்தன. நோர்டன் ஜெயித்தது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முடிந்ததும் மிலோ வந்து கையை நீட்டினான். "உங்க கடிகாரம் சரியா இருக்கு மார்லிஸ். சாவியை வச்சுக்கங்க."

அவள் கையைக் குலுக்கினாள். ஜெயித்தது அவள்தான். மாவட்டமே பார்க்க அவள் கடிகாரம் நேராக நின்றது, கூண்டு அவளுக்கே என்று எதிரி ஊர்க்காரன் வாயாலேயே வந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரத்துக்குப் பீற்றிக்கொண்டிருப்பாள். அவள் மைக்கை எடுத்தாள்.

"ஒரு அறிவிப்பு. போன போட்டியில லார்கின் ஜெயிச்சது செல்லாது. கடிகாரத்துல தப்பு, அது என் தப்பு. அதை எங்க அணி தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பயன்படுத்திக்கிச்சு, அது அவங்க தப்பு. லார்கின் தலைவர் அடுத்த போட்டியில வெளிய உக்காருவாரு." மைக்கை மறு கைக்கு மாற்றினாள். "அவரு என் புருஷன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்."

தெரியாதவர்கள் அந்த ஹாலில் ஒருவரும் இல்லை.

என் வீடு அவர்கள் தெருவில்தான். அவர்கள் பிக்கப் வண்டியில்தான் போவேன் வருவேன். அன்று நடந்தே போயிருக்கலாம், ஆனால் வெளியே அடித்த காற்றுக்கு முகத்தை யார் கொடுப்பது? பின்சீட்டில் ஏறி மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். மார்லிஸ் ஓட்டினாள். ஊர் ஓரத்துச் சுரங்கக் குழியைச் சுற்றி வரும் பாதையில் விரட்டிக்கொண்டு போனாள்.

கடைசியில் வைனோதான் தொண்டையைக் கனைத்தான். "கடிகாரத்தைப் பத்தி வீட்ல பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

பின்னாலிருந்து அவன் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது எனக்கு. மார்லிஸ் கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அவள் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"நீ ஜெயிக்கறதுக்கு என்கிட்ட எதுவும் கேக்காதன்னுதான் சொன்னேன், வைனோ. நான் தப்பா நிக்கும்போது வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்லல."

"விளையாட்டுதானே மார்லிஸ்."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சாவியை ஆட்டிட்டு நின்னேன். என் கடிகாரத்துல தப்பே இல்லைன்னு வாய் கிழியக் கத்தினேன். நீ அங்கதான் இருந்த. வயரைச் சுருட்டிட்டு இருந்த." குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "மிலோ வந்து மூஞ்சிக்கு நேரா சொன்னான். அவன் எனக்கு யாரு? நீ எனக்கு யாரு? அவன் வந்துதான் சொல்லணுமா?"

வைனோ கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். திரும்பவும் மாட்டிக்கொண்டான். "சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். "முதல்ல ஜெயிக்கற ஆசைதான், பொய் சொல்லல. அப்புறம் நீ சாவியை ஆட்டினதும் சொல்றதுக்குப் பயமாயிருச்சு. உன்கிட்டப் போயி தப்புன்னு எவன் சொல்லுவான்?"

"மிலோ சொன்னான்."

"அவன் உன்கூட வீட்டுக்கு வர வேண்டியதில்லையே."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மார்லிஸ் சிரிக்கவில்லை. எங்கள் தெருவுக்குள் திருப்பி, அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை, சூடு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் என்னென்ன இருக்கு?" என்றாள்.

"என்ன என்னென்ன?"

"சொன்னா நான் கோவிச்சுக்குவேன்னு நீ சொல்லாம வச்சிருக்கறது."

வைனோ யோசித்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடியே போயிருக்கும். அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "உன் பாஸ்டி" என்றான்.

இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற அவளுடைய பாஸ்டியைத்தான் சனிக்கிழமைகளில் என் கடையில் விற்கிறேன்.

"என் பாஸ்டிக்கு என்ன?"

"அந்த ருட்டபேகா கிழங்கு ஜாஸ்தி. வாயில வைக்க முடியல. கல்யாணம் ஆன நாள்லேருந்து."

மார்லிஸ் மெதுவாகப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். "ரினா?"

நான் அவளோடு இத்தனை வருடம் பழகியவள். பொய் சொல்ல நேரம் இருந்தது. "ஜாஸ்திதான்டி" என்றேன். "எல்லாரும் அதைப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சுட்டுத்தான் சாப்பிடறாங்க."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"எத்தனை கிழங்கு உரிச்சிருப்பேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு தொப்பியைக் கழற்றி வைனோவின் மடியில் போட்டாள். "சரி. அடுத்தது என்ன?"

வைனோ அவளைத் திரும்பிப் பார்த்தான். நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டான். பிறகு தொடங்கினான். அவள் ஓட்டும் வேகம், அவன் அம்மா கொடுத்த சோபாவை அவள் விற்றது, தூக்கத்தில் அவள் போடும் சத்தம். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள், நடுவில் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அவன் முடிக்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் நான் மட்டும் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.